பழைய சுவர்களுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது?



ஆண்டுதோறும் செப்டெம்பர் மாதத்தில் இந்நாட்டுத் தெருக்களிலும் அங்காடி வாயில்களிலும் பாடசாலைப் பிள்ளைகள் இருவர் மூவராக நின்று, பொன்னிறத் தாளிற் சுற்றிய சொக்கலேற் நாணயங்களை விற்பதைக் கண்டிருப்பீர்கள். நம் மாணவர்களிற் சிலரும் தத்தம் பிரெஞ்சுப் பாடசாலை வகுப்புகளோடு சென்று விற்றிருக்கிறார்கள். பிரெஞ்சு மொழியில் ‘எக்யு டோர்’ என்றும் ஜேர்மன் மொழியில் ‘சொக்கித் தாலர்’ என்றும் அந்நாணயம் வழங்கும். வாங்குவோர் இனிப்புக்காக வாங்குகின்றனர். விற்கும் பிள்ளைகள் வகுப்பு நிதிக்குக் கிடைக்கும் சிறு பங்கை எண்ணி விற்கின்றனர். மீதிப் பணம் எங்கே போகிறது என்று வினவினால் பெரும்பாலானோர் உதட்டைப் பிதுக்குகின்றனர்.

அது இயற்கையையும் பழைய கட்டிடங்களையும் காக்கும் பணிக்குப் போகிறது. இவ்வழக்கம் தொடங்கியது 1946ஆம் ஆண்டில். எங்கடின் பள்ளத்தாக்கிலுள்ள சில்ஸ் ஏரியை மின்னுற்பத்திக்காக மாற்றியமைக்க ஒரு திட்டம் இருந்தது. அதைத் தடுத்து ஏரியைக் காக்கப் பணம் வேண்டியிருந்தது. உலகப்போர் முடிந்த மறு ஆண்டு ஆகையால் சொக்கலேற் இன்னும் பங்கீட்டுப் பொருளாகவே இருந்தது. இனிப்புக்கு ஏங்கியிருந்த நாட்டில் சொக்கலேற்றையே நாணயமாக வார்த்துப் பிள்ளைகளின் கையிற் கொடுத்தால் யார்தான் வாங்கமாட்டார்? ஏரி பிழைத்தது, இன்றும் அது இயற்கை தந்த கரைகளோடு கிடக்கின்றது. அன்று தொடங்கிய விற்பனையை இரண்டு அமைப்புகள் சேர்ந்து நடத்துகின்றன. ஒன்று இயற்கைப் பாதுகாப்புக்கான ‘புரோ நத்தூரா’. மற்றது 1905இல் நிறுவப்பெற்ற மரபுரிமைச் சங்கம். பின்னதைப் பிரெஞ்சு மொழியில் ‘பத்ரிமுவான் சுவிஸ்’ என்பர்.

இச்சங்கமே ஆண்டுக்கொரு முறை ‘வாக்கர் பரிசு’ என்னும் விருதை ஏதேனும் ஓர் ஊருக்கு வழங்குகின்றது. ஜெனீவாவைச் சேர்ந்த வணிகரான ஹென்றி லூயி வாக்கர் என்பார் விட்டுச்சென்ற கொடையினால் 1972இல் இது தொடங்கியது. முதற் பரிசைப் பெற்றது ஸ்ரைன் ஆம் றைன் என்ற ஊர். சுவரெங்கும் ஓவியம் தீட்டிய வீடுகளும் கோபுர வாயில்களும் உடைய அழகிய ஊர் அது. பரிசு பெற்றதில் எவரும் வியப்படைய நியாயமில்லை.

வியப்புக்குரியது 2011ஆம் ஆண்டுப் பரிசு. அவ்வாண்டு பரிசு பெற்ற ஊர்களுள் ஒன்று நம் ரெனான். (சொல்லின் இறுதி எழுத்துக்களைப் பிரெஞ்சுக்காரர் விழுங்கிவிடுவதால் நாமும் ஒலிப்பின்படியே எழுதுகிறோம். பேர்ண் கன்ரனில் இதே ஒலியுடைய சிற்றூர் ஒன்று உண்டு. மாணவர்கள் மயங்க வேண்டாம்.) லொசானுக்கு மேற்கே இருப்புப்பாதையோடு ஒட்டி வளர்ந்த இவ்வூரில் கோட்டை இல்லை, கொத்தளம் இல்லை, படம் பிடிக்கவென்று வந்து இறங்கும் உல்லாசப் பயணிகளும் இல்லை. தொழிற்சாலைகளும் களஞ்சியங்களும் தொழிலாளர் குடியிருப்புகளுமே இதன் சரித்திரம். இத்தாலியர், ஸ்பானியர், போர்த்துக்கேயர், பின்னர் நம்மவர் என அலையலையாக வந்தோர் குடியேறிய ஊர். வசிப்போரில் ஏறத்தாழப் பாதிப்பேர் பிற நாட்டுக் குடியுரிமை உடையோர். ‘இவ்வூரில் காப்பாற்ற என்ன இருக்கிறது?’ என்று கேட்பவர் நம்மிடையேயும் உண்டு.

மூன்று இடங்களைச் சொல்கிறேன். மாணவர்கள் நடந்தே சென்று பார்க்கலாம்.

மாலே பகுதியில் நிலக்கரியிலிருந்து எரிவாயு எடுத்த பழைய தொழிற்கூடம் இருந்தது. வேலை நின்றபின் அதன் கட்டிடமொன்றைப் பிலிப் மென்தா என்ற நாடகக் கலைஞரும் அவர்தம் தோழர்களும் அரங்கமாக மாற்றி 1979இல் நாடகம் போடத் தொடங்கினர். அதுவே ‘கிளேபர் மெலோ’ அரங்கம். அடுத்தது, பெண்களுக்கான காலுறை பின்னிய ‘இறில்’ தொழிற்சாலை. அங்கே தறிகள் ஓய்ந்த பின்னர் 2007இல் கன்ரன் கலைக் கல்லூரியான ‘எக்கால்’ குடிபுகுந்தது. அம்மாற்றத்தை வடிவமைத்த பேர்னார் சூமி, ஏதென்ஸ் நகரில் 2009இல் திறந்த அக்ரோபோலிஸ் அருங்காட்சியகத்தையும் வடிவமைத்தவர் என்பது குறிப்பிடத்தக்கது. கிரேக்கத்தின் பழஞ்சிற்பங்களுக்கு மாளிகை செய்த அதே கை நம் ஊரின் காலுறைத் தொழிற்சாலையையும் தொட்டிருக்கிறது! மூன்றாவது, பழைய அச்சகம் ஒன்று. நகரசபை அதனைக் கைவினைஞருக்கும் வடிவமைப்பாளருக்கும் வேலைக்கூடமாக வாடகைக்குக் கொடுக்கின்றது.

இம்மூன்றிலும் ஒரே வழி கையாளப்பட்டுள்ளது. கட்டிடத்தைக் கண்ணாடிப் பேழைக்குள் வைத்ததுபோற் பூட்டிவைக்கவில்லை. வேறொரு தொழிலைக் கொண்டுவந்து உள்ளே அமர்த்தினார்கள். ஆள் புழங்கும் கட்டிடத்தின் கூரை ஒழுகினால் யாராவது முறையிடுவர். பூட்டிய கட்டிடத்தின் ஒழுக்கு வெளியே தெரிய வரும்போது கூரையே இருப்பதில்லை.

வாக்கர் பரிசைப் பொதுவாக ஒரே ஊருக்குத்தான் கொடுப்பர். 2011இல் லொசானையும் ரெனானையும் உள்ளிட்ட ஒன்பது ஊர்களுக்குச் சேர்த்துக் கொடுத்தார்கள். முன்னர் ஒவ்வொரு ஊரும் தன் எல்லைக்குள் தான் விரும்பியதைக் கட்டியது. நெடுஞ்சாலை வந்தது, பெரும் அங்காடிகள் வந்தன, வாகன நெரிசல் வந்தது. ஊரின் நடுவே செல்லும் தண்டவாளங்களோ வடக்கையும் தெற்கையும் பிரித்துவைத்தன. 2003இல் அயலூர்கள் கூடி ஒரு பொதுத் திட்டம் வரைந்தன. எந்தப் பழைய கட்டிடம் நிற்கவேண்டும், எங்கே புதிய வீடுகள் எழவேண்டும், எங்கே மக்கள் நடக்கவேண்டும் என்று ஒரே வரைபடத்திற் குறித்தார்கள். சந்தைச் சதுக்கம் நடப்போருக்குரிய இடமாகச் சீர்பெற்றது. புகையிரத நிலையத்தின் மேலாக ஊரின் இரு கரைகளையும் இணைக்கும் பாலம் எழுந்தது.

பரிசுத்தொகை எவ்வளவு தெரியுமா? 20,000 பிராங். ஒன்பது ஊர்களுக்கும் சமமாகப் பங்கிட்டால் ஓர் ஊருக்கு 2,222 பிராங்; ஒரு குடும்பத்தின் ஒரு மாத வீட்டு வாடகை. இப்பணத்தால் ஒரு மதிலுக்குக்கூட முழுதாகச் சாந்து பூச இயலாது. எனில், பெரும் பணம் எங்கிருந்து வருகிறது?

முதலிற் பட்டியல். நாம் வாழும் வோ கன்ரனில் 1970களில் தொடங்கி ஊர் ஊராகச் சென்று கட்டிடங்களைப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை புள்ளி இட்டிருக்கிறார்கள். பாடசாலையில் 6 புள்ளி வாங்கினால் தலைநிமிர்ந்து வருகிறீர்கள் அல்லவா? இங்கே தலைகீழ். 1 என்றால் நாடு முழுவதற்கும் முக்கியமானது. 2 என்றால் பிரதேசத்துக்கு முக்கியமானது. 3 என்றால் அவ்வூருக்கு முக்கியமானது. 4 பெற்ற கட்டிடம் சூழலோடு இணங்கி நிற்பது; 6 எனில் குறிப்பிடத்தக்க சிறப்பு ஏதுமில்லை. 7 பெற்றதோ சுற்றாடலையே கெடுப்பது! பாலத்துக்கும் புள்ளி உண்டு, பண்ணை வீட்டுக்கும் புள்ளி உண்டு, ஊர்ப் பொதுக் கிணற்றுக்கும் உண்டு. பணத்தைப் பற்றிய பேச்செல்லாம் இதற்குப் பிற்பாடுதான்.

அடுத்துச் சட்டம். மரபுரிமையைப் பேணுவது கன்ரன்களின் பொறுப்பு என்று கூட்டாட்சி அரசியலமைப்பின் 78ஆம் உறுப்புரை கூறுகின்றது. நடுவண் அரசு துணை நிற்கலாம். அதற்கான சட்டம் 1966இல் இயற்றப்பட்டது. ஏற்றுக்கொள்ளத்தக்க செலவில் நாட்டளவில் முக்கியமான கட்டிடத்துக்கு 25 வீதம் வரையும், பிரதேச அளவில் முக்கியமானதற்கு 20 வீதம் வரையும், ஊரளவில் முக்கியமானதற்கு 15 வீதம் வரையும் அது கொடுக்கலாம். வேறு வழியே இல்லாத அரிய வேளைகளில் இது 45 வீதம் வரை உயரலாம். கணிதப் பாடமாகவே பார்ப்போம். 100,000 பிராங் செலவாகும் ஒரு கூரை. கட்டிடம் பிரதேச முக்கியத்துவம் உடையது. நடுவண் அரசு தருவது கூடியது 20,000. மிகுதி 80,000க்குக் கன்ரன் ஒரு கை கொடுக்கும், ஊர்ச்சபை ஒரு கை கொடுக்கும். எஞ்சியதை உரிமையாளர் போடவேண்டும். உரிமையாளரின் பங்கு ஒருபோதும் இல்லாமற் போவதில்லை. ஆனால் அவர் செலவிட்ட பணத்தின் பாரத்தை வருமானவரிக் கழிவு சற்றுக் குறைக்கும்.

இன்னொரு ஊற்றும் உண்டு. அதைக் கேட்டால் பெற்றோர் சிலர் புன்னகைப்பர். கடையில் வாங்கிக் காசினாற் சுரண்டிப் பார்க்கும் சீட்டுக்களை வெளியிடுவது 1937இல் தொடங்கிய ‘லொத்தறி றொமாண்ட்’. பிரெஞ்சு மொழி பேசும் ஆறு கன்ரன்களுக்கு உரியது. அதன் இலாபம் முழுவதும் பொதுநலப் பணிகளுக்குச் செல்கின்றது. பழைய கட்டிடங்களைப் புதுக்குவதும் அப்பணிகளுள் ஒன்று. ஆகவே சீட்டில் ஒன்றும் விழாதவர், தம் காசு எங்கோ ஒரு தேவாலயக் கூரையில் ஓடாக இருக்கிறதென்று ஆறுதல் கொள்ளலாம். (இதை ஆசிரியர் தந்த அனுமதியாகக் கொண்டு சீட்டுக் கடைக்கு ஓடவேண்டாம்.)

இத்துணை வழிகள் இருந்தும் வேலை முடிவதில்லை. லொசான் பேராலயம் மென்மையான மணற்கல்லால் ஆனது; மழையும் பனியும் அதைத் தின்றுகொண்டே இருக்கின்றன. ஒரு பக்கத்தைச் செப்பனிட்டு முடிக்கையில் மறுபக்கம் காத்திருக்கும். ஆண்டுதோறும் சிறு தொகையாக, தவறாமற் செலவிடுவதே பேணல். ஒரே நாளிற் பெருந்தொகை கொட்டுவது பெரும்பாலும் இடித்துக் கட்டுவதற்கே பயன்படுகின்றது என்பது என் கருத்து.

குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். பட்டியலில் உள்ள வீட்டின் உரிமையாளர் சாளரச் சட்டம் மாற்றவும் அனுமதி பெறவேண்டும். அவர் முணுமுணுப்பதில் நியாயம் உண்டு. மேலும், ஊரின் நடுப்பகுதி அழகு பெறப் பெற வாடகையும் ஏறும். மரக்கறியும் கருவாடும் விற்ற சிறு கடை மூடி, அவ்விடத்தில் ஒரு குவளை கோப்பியை ஆறு பிராங்குக்கு விற்கும் கடை திறந்தால் ‘நகர் புத்துயிர் பெற்றது’ என்று எழுதுவார்கள். யாருக்குப் புத்துயிர் என்ற கேள்வியை ஊர்ச்சபைக் கூட்டங்களில் எழுப்ப நம்மவரும் போகவேண்டும். இக்கன்ரனில் நெடுங்காலம் வாழ்ந்த வெளிநாட்டவருக்கு ஊர்ச்சபைத் தேர்தலில் வாக்குரிமை இருக்கிறது. அதைப் பயன்படுத்துவோர் நம்மில் எத்தனை பேர்?

நிற்க. இவையெல்லாம் பணக்கார வெள்ளையர் நாட்டுக் கதை என்று எண்ணிவிடலாகாது. பிரெஞ்சு ஆட்சியில் இருந்த நம் தமிழ் நகரமான புதுச்சேரியில் 2002 முதல் 2004 வரை ஒரு திட்டம் நடந்தது. ஐரோப்பிய ஒன்றியம் நிதி தந்தது. இத்தாலியின் உர்பினோ, பிரான்சின் வில்நெவ் சூர் லோ ஆகிய நகரங்கள் கைகோத்தன. ‘இன்டாக்’ என்னும் இந்திய மரபுரிமை அறக்கட்டளை வேலையை நடத்தியது. அங்கே வெள்ளையர் குடியிருந்த பகுதியைப் பேணப் பலர் இருந்தனர். தமிழர் தெருக்களைக் கவனிப்பாரில்லை. ஆகவே வைசியாள் தெருவைத் தேர்ந்தார்கள். தெருவோரத் திண்ணையும், வழிப்போக்கர் வெயிலுக்கு ஒதுங்கும் தாழ்வாரமும், மரத்தூண்களும் உடைய வீடுகள் அவை. முகப்பைப் பழைய முறைப்படி செப்பனிடச் சம்மதிக்கும் உரிமையாளருக்குச் செலவில் ஒரு பங்கைத் திட்டம் தந்தது. மறு பங்கை அவர் போட்டார். தனித்தனி வீடு அல்லாமல் தெரு முழுவதும் ஒரே முகமாய்த் திரும்பியது. 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுரிமை விருது வரிசையில் அத்தெரு இடம்பெற்றது.

அதே நகரில் கடற்கரையோரம் நின்ற பழைய நகரசபை மாளிகையின் கதை வேறு. பழுதடைந்தது என்று எல்லாரும் அறிந்திருந்தும், திருத்தவேண்டிய வேளையில் திருத்தாமல் 2014 நவம்பரில் அது இடிந்து வீழ்ந்தது. வீழ்ந்தபின் உலக வங்கியின் நிதி வந்தது; பழைய தோற்றத்திற் புதிதாகக் கட்டி 2021இல் திறந்தார்கள். இன்று அதன் முன் நின்று படமெடுப்பவர் காண்பது பழைய மாளிகையின் உருவத்தை மட்டுமே.

இனி நம் ஊருக்கு வருவோம். யாழ்ப்பாணப் பொதுநூலகம் க. மு. செல்லப்பா அவர்களின் முயற்சியினால் முளைத்து, 1934இல் ஒரு வாடகை அறையில் 844 நூல்களோடு திறந்தது. 1959இல் சொந்தக் கட்டிடத்தில் குடியேறியது. 1981இல் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. 1990களின் பிற்பகுதியில் அரசு அதை மீளக் கட்ட முனைந்து, நாடெங்கும் நூலும் செங்கல்லும் கேட்டது. எரிந்த சுவர்களை அப்படியே சாட்சியாக நிறுத்தி, நூலகத்தை வேறிடத்தில் எழுப்பவேண்டும் என்றோரும் நம்மிடையே இருந்தனர். இரு பக்கத்திலும் நியாயம் உண்டு. கட்டிடம் வெள்ளை வெளேரென்று மீண்டது. ஏட்டுச் சுவடிகள் மீளவில்லை. யாழ்ப்பாணக் கோட்டையின் கற்களைப் போர்க்காலத்தில் பதுங்குகுழிக்கும் வீட்டுக்கும் எடுத்துச் சென்றனர். போரின் பின்னர் நெதர்லாந்து அரசின் உதவியோடு மதில்களைச் செப்பனிட்டார்கள். கோட்டைக்குள் இருந்த ஒல்லாந்தர் தேவாலயமோ இடிபாடாகவே கிடந்தது.

பெரிய சின்னங்களுக்கு என்றேனும் ஒரு நாள் யாரேனும் உதவ வருவர். சிறியவற்றின் கதி என்ன? சங்கடப் படலை, சுமைதாங்கி, ஆவுரஞ்சிக்கல், வழிப்போக்கர் மடம், படிகட்டிய கேணி, நடுவே முற்றமும் நாற்புறமும் தாழ்வாரமும் கொண்ட நாற்சார் வீடு. பருத்தித்துறையில் தெருவையே கூரையால் மூடி இருமருங்கும் திண்ணை கட்டிய தெருமூடி மடத்தைப் போல் உலகில் எத்தனை ஊர்களில் உண்டு? நல்லூர் மந்திரிமனை நம் கண்முன்னே பல்லாண்டுகளாகச் சிதைந்து வந்திருக்கிறது.

இங்கே பெற்றோரிடம் ஒன்றை மனந்திறந்து சொல்லவேண்டியிருக்கிறது. நம் ஊர்களுக்குப் பணம் போகவில்லை என்று எவரும் கூறமுடியாது. சுவிஸ் பிராங்கும் பவுணும் கனடா டொலரும் நாள்தோறும் போகின்றன. அப்பணத்தினாலேயே பொழிகல் தூண்கள் நின்ற கோயில் மண்டபங்கள் இடிந்து சீமெந்து மண்டபங்கள் எழுகின்றன. பனைவளையும் சுண்ணச்சாந்தும் கொண்ட வீட்டை இடித்து, ஆண்டில் இரண்டு வாரம் தங்குவதற்கு மாடிவீடு கட்டுகிறோம். போரில் விழாமல் நின்றதை நம் உழைப்பு வீழ்த்துகின்றது. எவரும் கெட்ட எண்ணத்தோடு செய்வதன்று. கோயிலுக்குச் செய்யும் தொண்டாகவே நினைக்கின்றனர். ஆனால் ரெனானில் ஒரு காலுறைத் தொழிற்சாலையின் சுவரைத் தொடுமுன் பட்டியலைப் பார்க்கிறார்கள். நாம் நம் பாட்டனார் வீட்டின் தலைவாசலைப் பெயர்க்குமுன் எதைப் பார்க்கிறோம்? பார்ப்பதற்கு ஒரு பட்டியலே இல்லை.

நூல்களுக்கு இந்த வேலையை நம்மவர் தொடங்கிவிட்டனர். 2005ஆம் ஆண்டு முதல் ‘நூலகம்’ எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் படியெடுத்துச் சேர்த்து வருகின்றது. தன்னார்வலர்களின் உழைப்பும் சிறு சிறு நன்கொடைகளுமே அதன் மூலதனம். அதேபோல் வீடுகளையும் மடங்களையும் கேணிகளையும் எழுதிவைப்பதற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. எழுதிய பட்டியல் கையில் இருந்தாற்றான், நாளை ஒரு அரசிடமோ அறக்கட்டளையிடமோ ஊர்ச் சங்கத்திடமோ ‘இதற்கு உதவுங்கள்’ என்று எதையேனும் சுட்டிக் கேட்க முடியும். ஊர்ச் சங்கங்கள் ஒவ்வொரு ஆண்டும் கோயில் திருப்பணிக்குச் சேர்க்கும் தொகையில் ஒரு சிறு வீதத்தை, இடிப்பதற்கு முன் அளந்து வரைந்து படமெடுக்கும் வேலைக்கென ஒதுக்கலாம். அத்தொகைக்கு ஊரில் படம்வரைஞர் ஒருவர் சில நாள் வேலை செய்வார்.

மேல் வகுப்பு மாணவர்களுக்காக ஓர் அப்பியாசக் கொப்பி பாடசாலை அலுமாரியில், வருகைப் பதிவேட்டுக்குப் பக்கத்தில் வைக்கப்பட்டுள்ளது. ஒரு வீட்டுக்கு ஒரு பக்கம். ஊரின் பெயர், வீட்டைக் கட்டியவர் யார், ஏறத்தாழ எந்த ஆண்டில், கூரை ஓலையா ஓடா, தூண் எந்த மரம், முற்றத்தில் கிணறு உண்டா, இப்போது யார் இருக்கிறார்கள், வீடு நிற்கிறதா விழுந்ததா என்று எழுதவேண்டும். விழுந்த வீட்டுக்கும் பக்கம் உண்டு. பழைய படம் வீட்டில் இருந்தால் படியெடுத்து ஒட்டலாம். திருமணப் படங்களின் பின்னணியிற் பெரும்பாலும் ஒரு தூணாவது தெரியும். அப்பம்மா, அம்மம்மாமார் இங்கே இருப்பின் முதலில் அவர்களிடம் கேளுங்கள். ஊரில் உறவினர் இருந்தால் அளவு நாடா பிடித்து முற்றத்தின் நீள அகலத்தைக் கூறச் சொல்லலாம். தொலைபேசியில் அழைக்கும்போது அங்கே நேரம் கோடையில் மூன்றரை மணியும் குளிர்காலத்தில் நாலரை மணியும் முந்தியிருக்கும் என்பதை மறவாதீர்கள். இருட்டிய பின் யாரும் முற்றம் அளக்கமாட்டார்கள்.